சேம அச்சு

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இளங்கலைத் தமிழ் படித்துவிட்டுப் பரஸ்பர நிதி முகவரானவர். உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் அவருக்கு நல்ல பெயர். காப்பி குடித்து முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து ஒரு படம் காட்டினார். வெண்ணிறத்தில் நீண்ட வண்டி ஒன்று, பின்னால் பனிமலை. அடுத்த படத்தில் அதன் உட்புறம்: இருவர் படுக்கும் கட்டில், சமையல் மேடை, குளிர்பதனப் பெட்டி, குளியலறை, தோலுறை தைத்த சாய்விருக்கைகள். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் இளைப்பாறும் வண்டி என்றுதான் பொருள். இதுவோ, ஓய்வு பெற்றவர் குடியிருந்துகொண்டே நாடு சுற்றுவதற்கானதாம்.

"ஐயா, ரிட்டயர் ஆனதும் நீங்களும் அம்மாவும் இதுலயே காசுமீரம் வரைக்கும் போயிட்டு வரலாமுங்க. இப்ப இருந்தே மாசாமாசம் போட்டு வந்தா அறுவதாவது வயசுல வண்டி வாசல்ல நிக்குமுங்க."

"விலை என்ன தம்பி?"

"இன்னிக்கு ஒரு கோடிங்கய்யா. மாசம் 13,200 போட்டாப் போதும். பதினெட்டு வருசம்."

என் மனைவிக்கு அந்தப் படம் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்கும் பிடித்திருந்தது. இரவு வெகுநேரம் அந்தச் சமையல் மேடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குத்தான் இக்கட்டுரைக்குக் காரணம். இந்தக் கனவு ஊதியம் வாங்கிப் பிழைப்போருக்கு இழைக்கப்படும் தீங்கு என்பது என் துணிபு. தமிழ் ஆசிரியனுக்கு முதலீட்டைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள், எண்ணும் எழுத்தும் ஒன்றாகவே கற்பிக்கப்பட்ட நாட்டில் இருக்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

மாணவரின் கணக்கு, தன்னளவில் பிழையற்றது. ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், மாதம் 13,200 ரூபாய் பதினெட்டு ஆண்டில் ஒரு கோடியாகும். பிழை எங்கே என்றால், வண்டியின் விலை பதினெட்டு ஆண்டும் அசையாமல் நிற்கும் என்று கொண்டதில். ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் இன்றைய ஒரு கோடி அன்று இரண்டு கோடியே எண்பத்தைந்து இலட்சம். அதற்கு மாதம் 37,700 ரூபாய் வேண்டும். பங்குச் சந்தையை நம்பாமல் 8 விழுக்காடு வட்டி தரும் பாதுகாப்பான இடத்தில் போட்டால் மாதம் 59,000க்கு மேல் வேண்டும். முதற்கணக்கின் 13,200 ரூபாயே என் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டுகிறது. இரண்டாவது கணக்குக்கு என் சம்பளம் முழுவதும் சரியாகப் போய்விடும். மூன்றாவதற்கு மனைவியும் வேலைக்குப் போக வேண்டும். இருவரும் உண்ணாமல் இருக்க வேண்டும்.

அந்த 12 விழுக்காடும் வாக்குறுதி அன்று, சராசரி. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீட்டெண் அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்குக் கீழே இறங்கியது. பின்னர் ஏறிவிட்டது, உண்மைதான். ஆனால் அந்த அக்டோபரில் ஓய்வு பெற்றவருக்கு, பின்னர் என்ற சொல்லால் என்ன பயன்?

நான் பணியாற்றுவது ஒரு சுயநிதிக் கல்லூரியில். எங்களுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டு; அதனோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டமும் உண்டு. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்துப் பார்ப்போம். பணியாற்றிய ஆண்டுகளை அந்தத் தொகையால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். முப்பது ஆண்டு வகுப்பெடுத்து, இருபது ஆண்டைக் கடந்தவர்க்குத் தரும் இரண்டு ஆண்டுச் சலுகையையும் கூட்டிக்கொண்டால், மாதம் 6,857 ரூபாய். அகவிலைப்படி கிடையாது, சாகும்வரை அதே தொகை. கரும்பலகைக்கு முன்னால் முப்பது ஆண்டு நின்ற ஒருவருக்குக் கிடைக்கும் தொகை இது. இவரிடம்தான் குளியலறை வைத்த வண்டியை விற்க வருகிறார்கள்.

இங்கே ஒரு பழைய வண்டியை நினைவுகூர வேண்டும். சங்க இலக்கியத்தில் வீட்டோடு நகரும் வண்டி உண்டு என்பது இதைப் படிக்கும் நண்பர்கள் அறிந்ததே. உப்பு விற்கும் உமணரின் வண்டி அது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் அதைச் சக்கரம் முதல் கூரை வரை விரிவாகக் காட்டுகிறார். முன்புறம் கோழிக்கூடு இருக்கிறது. காடிப் பானை கட்டித் தொங்குகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் வண்டியோடு நடந்து வருகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் உமணர் பிள்ளைகளோடு ஒரு குரங்கும் விளையாடிக்கொண்டிருக்கிறது. நம் மாணவர் காட்டிய படத்தில் குரங்கும் இல்லை, குழந்தையும் இல்லை. அறுபது வயதில் சுருக்கமே விழாத இருவர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த உமணர்தம் வண்டியைப் பற்றி ஔவையாரும் ஒரு செய்தி சொல்கிறார். புறநானூற்றின் 102ஆம் பாட்டு. மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று எண்ணி, வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். சேமிப்பு என்ற நம் சொல்லும் அந்தச் சேமத்திலிருந்து வந்ததுதான். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் நான் இந்த இடத்தில் சற்று நிற்பேன். சேமித்தது எதற்காக? ஓடிக்கொண்டிருக்கும் வண்டி வழியில் நின்றுவிடாமல் இருப்பதற்காக. இதைவிடப் பெரிய வண்டியொன்று பிற்காலத்தில் வாங்குவதற்காக அன்று. மருத்துவமனைச் செலவு, மகளின் படிப்பு, முதுமையில் பிறர் கையை எதிர்பாராத நிலை ஆகியவை அடியில் கட்டிய அச்சு. அந்த அச்சை அவிழ்த்து விற்று, வராத வண்டிக்கு முன்பணம் கட்டச் சொல்கிறது நவீன நிதி ஆலோசனை.

வண்டி வந்தபின் நடப்பதையும் பார்ப்போம். நிலம் வாங்கினால் விலை ஏறக்கூடும், நகை வாங்கினால் அடகாவது வைக்கலாம். வண்டியோ வாசலுக்கு வந்த நாள் முதல் தேய்கிறது. காப்பீட்டுக்காரரின் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டில் அதன் மதிப்புப் பாதி. ஐம்பத்தைந்தைக் கடந்தவர் ஓட்டுநர் உரிமத்தை ஐந்தைந்து ஆண்டுக்கொரு முறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டினால் நம் மகிழுந்து உரிமமே செல்லாது. பிறகு, எங்கே நிறுத்துவது? உடுமலையிலிருந்து மறையூர் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் புலிகள் காப்பகம், யானை கடக்கும் வழி. ஓரங்கட்டி அடுப்பு மூட்ட முடியுமா? எல்லைக்கு அப்பால் கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, 2022இல் வாகமண்ணில் அதற்கென ஒரு தங்குமிடத்தையும் திறந்தது. ஆசை அடங்காவிட்டால் அங்கே ஓரிரவு வாடகை கொடுத்து உறங்கிவிட்டு வரலாம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஓரிரவு உறக்கத்துக்காகப் பதினெட்டு ஆண்டுச் சம்பளத்தைக் கட்டி வைக்கச் சொல்வதுதான் என் வழக்கு.

அமெரிக்காவில் எல்லாரும் இப்படித்தான் வாழ்கிறார்கள் என்றும் மாணவர் சொன்னார். ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' நூலைப் படித்தவர்களுக்கு மறுபாதி தெரியும். 2008 வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் வண்டிகளில் குடியேறி, கிடங்குகளில் பருவ வேலைக்கு அலைந்த கதை அது. 2020இல் படமாகவும் வந்தது. அவர்களுடையதும் சக்கரத்தின் மேல் வீடுதான்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்று. என் பெரியப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கிடைத்த பணிக்கொடையை வைத்துத் தம்பிமார் குடும்பங்களையெல்லாம் ஒரு பேருந்தில் ஏற்றிக் காசிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பணம் அதற்குப் போதுமானதாகவே இருந்தது. "அப்படியே எடுத்துச் செலவழிக்கறதா? ரெண்டு வருசம் விட்டா முதலும் நிக்கும், காசிக்கும் ஆகும்" என்று ஒருவர் சொன்னார். 2010இல் ஈமுப் பண்ணை ஒன்றில் கட்டினார். மாதாமாதம் பராமரிப்புத் தொகை, ஆண்டு முடிவில் போனஸ், தவணை முடிந்ததும் முதல் என்று பேச்சு. தோட்டத்தில் கொட்டகை போட்டு, ஆள் உயரப் பறவைகள் ஆறு வளர்த்தார். பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்த்தோம். அவரும் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு வணிகம் சரிந்தபோது அந்தச் சிறு பண்ணையும் மூடிக்கொண்டது. கைவிடப்பட்ட பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டியிருந்த காலம் அது. பெரியப்பா தம் பங்குக்கு ஆறு பறவைகளுக்கும் கடன் வாங்கித் தீவனம் போட்டார். காசியை அவர் பார்க்கவே இல்லை.

என் மாணவர் நேர்மையானவர். அவர் விற்பது முறைப்படுத்தப்பட்ட முதலீடு. ஈமுவோடு அதை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். சரக்கை நான் ஒப்பிடவில்லை, பசியை ஒப்பிடுகிறேன். போதுமான பணம் கையில் இருக்கும்போதே அது போதாது என்று நம்பவைப்பதுதான் முதல் வேலை. இரண்டு கோடியே எண்பத்தைந்து இலட்சம் என்ற எண் ஒருவர் மனத்தில் ஏறிவிட்டால், 8 விழுக்காடு அவருக்குக் கேலியாகத் தெரியும். அந்த இடத்தில்தான் அடுத்த ஆள் வந்து கதவைத் தட்டுகிறான். திருப்பூரில் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லித் திரட்டியது ஏறத்தாழ 930 கோடி; கட்டியவர்கள் ஐம்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல். 2009இல் சரிந்தது. இயக்குநர் இருவருக்குக் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறை விதித்தது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று ஆண்டு! சிக்கனத்துக்குப் பெயர் போன மண் இது. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று நாம் கேலி செய்யும் மனிதர்தான் முகமறியாதவனிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கிறார். சேமிக்கத் தெரியாததால் அன்று. எதற்காகச் சேமிக்கிறோம் என்பது வேறொருவன் வாயிலிருந்து வந்ததால்.

இலக்கியத்தில் இந்த வாதம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பொருள்வயிற் பிரிவைப் பாடும் பாலைப் பாட்டுகளில் தோழி தலைவனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தானே? நீ தேடிக்கொண்டு வரும் பொருள் இருக்கும். அதை வைத்து வாழ வேண்டிய இளமை அப்போது இருக்குமா? தேடாதே என்று அவள் சொல்வதில்லை. பாலைக்கலி பாடியவராகச் சொல்லப்படும் பெருங்கடுங்கோ ஒரு சேர அரசர் என்பது கூடுதல் சுவை. பொருளின் அருமை தெரியாதவர் சொன்னது என்று தள்ளிவிட முடியாது.

முதியவர் ஊர் சுற்ற வேண்டும் என்பதில் நமக்கு உண்மையிலேயே அக்கறை இருக்குமானால், கேட்க வேண்டியது வேறு. தொடர்வண்டிக் கட்டணத்தில் அறுபது கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், ஐம்பத்தெட்டு கடந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் பெயரால் அதை நிறுத்தினார்கள். பெருந்தொற்று போனது, சலுகை அதனோடே போயிற்று. என் தெருவில் மட்டும் இதனால் இராமேசுவரப் பயணத்தைத் தள்ளிப்போட்ட இரண்டு குடும்பங்களை அறிவேன். அவர்களில் எவருக்கும் குளிர்பதனப் பெட்டி வைத்த வண்டி தேவைப்படவில்லை. கீழ்ப்படுக்கை இரண்டும் பாதிக் கட்டணமும் போதும். இதற்காக ஒரு மனுவில் கையொப்பம் கேட்டு யாராவது என் வீட்டுக்கு வந்தால், காப்பி மட்டுமன்று, பலகாரமும் உண்டு.

மாணவர் போன வாரம் மீண்டும் அழைத்தார்.

"என்னங்கய்யா, போட்டுடலாங்களா?"

"போடலாம் தம்பி. 13,200 முடியாது, 4,000 போடு. வண்டிக்கு வேண்டாம். எங்கள் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு போதுமான அளவில் இருக்கிறதா என்று முதலில் பார். மிச்சம் என்ன இருக்கிறதோ அதை எதற்கென்று பெயர் வைக்காமல் போட்டு வை."

"பேரு வெக்காமயா? கம்ப்யூட்டர்ல கோல்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே. எதாவது எழுதோணுமே."

"சேம அச்சு என்று எழுது."

சிரித்தார். புறநானூறு நடத்திய வகுப்பு நினைவுக்கு வந்ததா, இல்லை வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று எண்ணினாரா, தெரியவில்லை.

அடுத்த மாதம் கல்லூரி விடுமுறையில் அமிர்தா விரைவு வண்டியில் மதுரை போய் நான்கு நாள் இருந்துவிட்டு வருவதாக இருக்கிறோம். சீட்டு எடுத்தாயிற்று. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவதா, பழனி நிலையத்தில் எதாவது வாங்கிக்கொள்வதா என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.