விதை யார் கையில்?

செந்துறை வட்டாரத்தின் மானாவாரிக் காடுகளில் பருத்தி ஊன்றுகிற ஏழை விவசாயி, மழைக்காக வானத்தைப் பார்க்கு முன்பே கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விதை, உரம், பூச்சி மருந்து மூன்றும் அங்கே கடனுக்கு வருகின்றன. விளைந்த பருத்தி பல இடங்களில் அதே கடன்காரர் சொல்லும் விலைக்கே போகிறது. இந்த நிலை எப்படி வந்தது?

விஞ்ஞானத்தின் மீது நமக்கு எந்த விரோதமும் கிடையாது. 1968இல் சர்க்கார் பணத்தில், கோவை ஆராய்ச்சியாளர்கள் எம்.சி.யு. 5 என்ற நீண்ட இழைப் பருத்தி ரகத்தைக் கொடுத்தார்கள். மெல்லிய நூல் நூற்க அது மில்களுக்கு உதவியது. விவசாயியோ தன் காட்டில் விளைந்த விதையையே மறு வருஷம் ஊன்ற முடிந்தது. பொதுமக்கள் பணம், பொதுமக்களுக்கே பலன்.

2002 மார்ச்சில் மத்திய சர்க்கார் பி.டி. பருத்திக்கு அனுமதி வழங்கியது. காய்ப்புழுவை அழிக்கும் சக்தி விதையிலேயே இருந்தது. ஆரம்பத்தில் மருந்துச் செலவும் குறைந்தது. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அது வீரிய ஒட்டு விதையாகவே விற்கப்பட்டது. வருஷா வருஷம் புதிதாக வாங்கியே தீர வேண்டும். 450 கிராம் பாக்கெட்டுக்கு சுமார் 1,600 ரூபாய் பறித்தார்கள்; அதில் பெரும் பகுதி மான்சாண்டோ கூட்டுக் கம்பெனியின் தொழில்நுட்பக் கட்டணம். 2006இல் ஆந்திர சர்க்கார் ஏகபோகத் தடுப்புக் கமிஷனுக்குப் போன பிறகுதான் விலை 750க்கு இறங்கியது. அப்படியானால் அதுவரை பறித்த பணம் எந்தக் கணக்கில் சேரும்?

புழுவும் சும்மா இருக்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விஷத்தைத் தாங்கப் பழகிவிட்டதை, முதல் ரக பி.டி. விஷயத்தில் 2010இல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. மறுபடியும் மருந்து, மறுபடியும் கடன். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு நமக்கு அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்திலும் மருந்து நெடி உயிர்களைக் குடித்தது. முகமூடியும் கையுறையும் இல்லாமல் தெளிப்பானைச் சுமப்பவர் கூலிக்காரரும் ஏழை விவசாயியுமே. லாபம் ஓரிடம், விஷம் ஓரிடம்!

இனி மில் தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை அந்நியப் பருத்திக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய சர்க்கார் ரத்து செய்தது. பஞ்சு மலிந்தால் மில் ஓடும், வேலை நிலைக்கும் என்று முதலாளிகள் கூறுகிறார்கள். தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பஞ்சில் சிறு பகுதியே இங்கு விளைகிறது என்பது உண்மைதான். ஆனால் பஞ்சு விலை இறங்கிய காலங்களில் உங்கள் கூலி ஏறியதா? தற்காலிகத் தொழிலாளி நிரந்தரமானாரா? அமெரிக்க சர்க்கார் தன் பருத்தி விவசாயிக்கு மானியம் தருகிறது. அந்தப் பருத்தியோடு செந்துறை மானாவாரிக் காட்டை மோதவிடுவது என்ன நியாயம்?

2025-26க்கு நீண்ட இழைப் பருத்தியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் என்று அறிவித்தார்கள். காகிதத்தில் விலை இருக்கிறது. பக்கத்தில் கொள்முதல் நிலையம் இல்லாதவருக்கும், பட்டா கையில் இல்லாமல் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவருக்கும் அது எட்டாக் கனி. கிலோக் கணக்கில் கூலி வாங்கிப் பருத்தி எடுக்கும் பெண்களைப் பற்றியோ அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: விவசாயியே எடுத்து வைத்து ஊன்றக்கூடிய நல்ல ரகங்களைச் சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்கள் பெருக்கி, நியாய விலைக்குத் தர வேண்டும். செந்துறை வட்டாரத்திலேயே அறுவடைக் காலத்தில் கொள்முதல் நடக்க வேண்டும். குத்தகைதாரரிடமும் வாங்க வேண்டும். மருந்தடிப்பவருக்குப் பாதுகாப்புச் சாதனமும், உயிரிழந்தால் குடும்பத்துக்கு நஷ்டஈடும் சட்டமாக வேண்டும். பருத்தி எடுக்கும் பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலி கண்டிப்பாகக் கிடைக்க வேண்டும்.

ஆராய்ச்சி செய்வது விஞ்ஞானி. அதன் பலன் யாருக்கு என்று தீர்மானிப்பது அரசியல். அந்தத் தீர்மானத்தைக் கம்பெனிகளுக்கு விட்டுவிட நாம் தயாரில்லை. காட்டில் பருத்தி எடுக்கிற கையும், மில்லில் இழை முடிகிற கையும் ஒரே வர்க்கத்தின் கைகள். இரண்டும் கோக்கட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கமும் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேடையில் நின்று இந்தக் கோரிக்கைகளை எழுப்பட்டும்!