கையில் ஒரு கருவி

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பது நம் நாட்டுப் பழமொழி. பாத்திரம் ஏந்த வேண்டிய நிலையையே போக்கக்கூடிய உதவி உண்டா? உண்டு என்பதே என் எண்ணம். அதற்குச் சான்றாக ஒரு சிறு தொண்டு அமைப்பின் பணியை இங்கே எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டு கிளின் ராபர்ட்ஸ் என்பவரின் முயற்சியால் 'டூல்ஸ் பார் செல்ப் ரிலையன்ஸ்' என்னும் அமைப்பு தோன்றியது. தற்சார்புக்கான கருவிகள் என்பது அப்பெயரின் பொருள். மின்சார இயந்திரங்கள் பெருகிய பின் அந்நாட்டு வீடுகளில் ரம்பமும் இழைப்புளியும் உளியும் மூலையில் கிடந்து துருப்பிடித்தன. தொண்டர்கள் அவற்றைக் கேட்டு வாங்கினார்கள். அவர்களுள் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள். துருவைத் தேய்த்து, கூர் தீட்டி, உடைந்த பிடியை மாற்றினார்கள். தச்சருக்கு ஒரு பெட்டி, கொல்லருக்கு ஒரு பெட்டி, தையற்காரருக்கு ஒரு பெட்டி எனத் தொழில்வாரியாக அடுக்கி, தான்சானியா, கானா, சியரா லியோன் முதலிய ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பினார்கள்.

"வேண்டாத பழையதைத் தள்ளிவிடுவதும் ஒரு தருமமா?" என நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பணக்கார நாடுகள் கழித்த பழந்துணி கிழக்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் மூட்டை மூட்டையாக வந்து குவிகிறது. வாங்குவோருக்கு அது மலிவு. உள்ளூர் ஆலைக்கும் தையற்காரருக்கும் அதுவே போட்டி. ருவாண்டா 2016இல் பழந்துணி மீதான வரியைப் பெரிதும் உயர்த்தியது. அதன் விளைவாக, ருவாண்டா ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச்சலுகையை அமெரிக்கா 2018இல் நிறுத்தி வைத்தது. கொடுப்பவரின் கழிவை வாங்க மறுப்பதற்கும் ஓர் ஏழை நாடு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது!

ஆனால் பழந்துணியும் பழைய உளியும் ஒன்றாகா. துணி உடுத்த உடுத்தக் கிழியும். உளியோ கதவும் நாற்காலியும் செய்து தரும். டிராக்டருக்கு டீசலும் உதிரிப் பாகங்களும் வாங்கியாக வேண்டும். சுத்தியலுக்குக் கை போதும். கொல்லர் ஒருவருக்கு அடைகல்லும் குறடும் கிடைத்தால், ஊராருக்கு வேண்டிய மண்வெட்டியை அவரே அடித்துக் கொடுப்பார். அடுத்த கப்பலை எதிர்பார்த்து ஊர் காத்திராது. ஆகவே, அனுப்பும் பெட்டிகளுள் கொல்லரின் பெட்டியே தலையானது என்பேன்.

கருவி மட்டும் போதுமா? போதாது. தொழிற்பயிற்சியும், மரமும் இரும்பும், செய்த பொருளுக்குச் சந்தையும் வேண்டும். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை பெறுபவரிடமே இருக்கவும் வேண்டும். ஜூலியஸ் நைரேரேயின் தலைமையில் தான்சானியா 1967இல் வெளியிட்ட அருஷா பிரகடனம், பிறர் தரும் நன்கொடையையும் கடனையும் நம்பி வளர நினைப்பது விடுதலைக்கே ஊறு என எச்சரித்தது. தற்சார்பைச் சுவாகிலி மொழியில் 'குஜிடெகெமேயா' என்பர். உதவி நின்ற பின்னும் தன் காலில் நிற்பதே தற்சார்பு.

மாணவ நண்பர்களே! 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே நாமும் சிற்றூர்களுக்குச் செல்கிறோம். வெள்ளமும் தீயும் வந்த நேரத்தில் சோறும் துணியும் கொடுத்தே ஆகவேண்டும், அதில் ஐயமில்லை. மற்ற நாட்களில், நாம் கொண்டுபோவதை அவ்வூரார் கேட்டார்களா, அது பழுதானால் அவ்வூரிலேயே சரிசெய்ய முடியுமா என்று எண்ணிப் பார்ப்போம். அடுத்த ஆண்டு நம்மை எதிர்பாராத ஊரே நம் தொண்டு வென்ற ஊர்.