பாறையும் மண்ணும்

அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையிலே, மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் பிளிமத் நகரில், பாறை ஒன்று பெருஞ்சிறப்போடு போற்றப்படுகின்றது. 1620ஆம் ஆண்டு 'மேபிளவர்' என்னும் கப்பலில் வந்த குடியேறிகள் முதன்முதல் அடியெடுத்து வைத்த கல் அதுவே என்பர். அவ்வாண்டு அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெருந்தூண்கள் தாங்கிய மண்டபம் ஒன்று அதன்மேல் எழுந்து நிற்கிறது.

ஆயின், அக்குடியேற்றத்தின் ஆளுநராக இருந்து அதன் வரலாற்றைத் தம் கையாலேயே எழுதிவைத்த வில்லியம் பிரட்போர்ட், இப்பாறையைப் பற்றி ஒரு சொல்தானும் கூறினாரல்லர். 1741இல் அவ்விடத்திற் கப்பற்றுறை கட்ட முற்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த தோமஸ் போன்ஸ் என்னும் முதியவர், முன்னோர் இறங்கிய கல் இதுவெனத் தம் தந்தையார் சொல்லக் கேட்டதாக உரைத்தார். கப்பல் வந்து 121 ஆண்டுகள் கழிந்தபின் எழுந்த இவ்வாய்மொழியே பாறையின் பெருமைக்கெல்லாம் அடிப்படை.

வேர்ஜீனியாவிலுள்ள ஜேம்ஸ்ரவுண் கோட்டையின் கதை இதற்கு நேர்மாறானது. ஆங்கிலேயர் அமெரிக்காவில் நிலைகொண்ட முதற் குடியேற்றம் அது. 1607இல் மரங்களை நட்டு முக்கோண வடிவில் அமைத்த அக்கோட்டையை ஆறு அரித்துச் சென்றுவிட்டது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1994இல் வில்லியம் கெல்சோ என்னும் தொல்லியலாளர் அங்கு அகழத் தொடங்கினார். மண்ணுள் உக்கிப்போன மரங்கள் விட்டுச் சென்ற கருநிறக் கறைகள் வரிசையாக வெளிப்பட்டன. ஒரு மூலையைத் தவிர, கோட்டையின் பெரும்பகுதி நிலத்தின் கீழே இருந்தமை புலனாயிற்று.

அம்மண் சொன்ன செய்திகள் யாவும் இனியவை அல்ல. 1609ஆம் ஆண்டு மாரியில் அங்கே பஞ்சம் தலைவிரித்தாடியது. ஏறத்தாழ 300 பேருள் 60 பேரளவிலேயே உயிர் தப்பினர். பசிக் கொடுமையால் மனித ஊனையும் உண்டனர் என்ற பழைய எழுத்துக்களை அறிஞர் சிலர் ஐயுற்றதுண்டு. 2012இல் அகழ்ந்தெடுத்த பதினான்கு வயதுப் பெண்ணொருத்தியின் மண்டையோட்டிற் காணப்பட்ட வெட்டுத் தழும்புகள் அவ்வெழுத்துக்களுக்குச் சான்று பகர்ந்தன. 1619இல் கைப்பற்றிக் கொண்டுவரப்பட்ட முதல் ஆபிரிக்கருள் ஒருத்தியாகக் கருதப்படும் ஆஞ்செலா வாழ்ந்த வீட்டு நிலமும் அங்கே அகழப்பட்டது. 1625ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவள் பெயர் இருக்கிறது.

“ஒரு மக்கட் கூட்டத்தை இணைக்கும் ஐதிகத்தை எதற்காகச் சோதிக்க வேண்டும்?” என்று கேட்பாருளர். ஐதிகத்தை ஐதிகமாகப் போற்றுவதிற் குற்றமில்லை. அது உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே குற்றம். பிளிமத் நகரம் எழுந்த இடம் வெற்றுநிலம் அன்று. வம்பனோக் மக்களின் பற்றுசெற் என்னும் ஊர் அது. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயால் அவ்வூரார் அழிந்தனர். அவர்கள் திருத்தி வைத்த வயல்களே குடியேறிகளுக்குக் கிடைத்தன. முதல் அடியை மட்டும் பேசும் பாறை, அதற்கு முன்னர் அந்நிலத்தில் நடந்த எண்ணற்ற அடிகளை மறைத்துவிடுகிறது. பழைய குடியேற்றத்தைப் போலவே பிளிமத்தில் அமைக்கப்பெற்ற நூதனசாலை, 2020இல் தன் பெயரோடு பற்றுசெற் என்பதையும் சேர்த்துக்கொண்டது. காலந் தாழ்த்தியேனும் செய்த நற்செயல் அது.

இன்று ஜேம்ஸ்ரவுணுக்கு வேறோர் இடர் நேர்ந்துள்ளது. நீர்மட்டம் உயர்ந்து வருகின்றது. வெள்ளம் அடிக்கடி புகுகின்றது. 2022இல் அந்நாட்டின் வரலாற்றுப் பாதுகாப்பு நிறுவனம், அழிவை எதிர்நோக்கும் பதினோர் இடங்களுள் ஒன்றாக அதனை அறிவித்தது. வெள்ளத்தடையும் வடிகாலும் அமைப்பதற்குப் பெரும்பொருள் வேண்டும். சின்னங்களுக்கென ஒரு நாடு செலவிடும் பொருள் எல்லையற்றதன்று. ஆதலின் எதனை முதலிற் காப்பது என்ற வினா எழாமற் போகாது. நம் கருத்து, மண்ணையே முதலிற் காத்தல் வேண்டும் என்பதாம். பாறை நீரில் மூழ்கினாலும் பாறையாகவே கிடக்கும். தூண்கள் விழுந்தால் மீண்டும் நிறுத்தலாம். இன்னும் அகழப்படாத நிலத்திலுள்ள கறைகளையும் எலும்புகளையும் வெள்ளம் கொண்டுபோனால், பெயரின்றி மாண்ட அச்சிறுமியைப் போன்றோருக்காகப் பேச வேறெந்தச் சாட்சியும் இல்லை.