இறுகிய சக்கரக் குடமும் இளைஞர் கல்வியும்

வலிமையொன்றாலேயே எல்லாம் முடியுமென எண்ணுவார் உலகிற் பலர். அவர்தம் எண்ணத்தைத் திருத்துதற்குப் பழைய மோட்டார் லாரியின் பின்சக்கரக் குடத்தினும் சிறந்த ஆசான் கிடைத்தல் அரிது. பட்டறையார் ஹப் என வழங்கும் அக்குடம் பல்லாண்டு கழற்றப்படாதிருப்பின், அச்சோடு ஒன்றிச் சம்மட்டிக்கும் அசையாது நிற்கும். இஃது இயந்திரத் தொழிலாளர்க்கு மட்டும் உரிய செய்திபோலத் தோன்றினும், கல்லூரியிற் பயில்வோரும் கருதத்தக்க பொருள் இதன்கண் உண்டென்பது எம் கருத்து.

சென்னைக்கு மேற்கிலுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் ஊர்தித் தொழிலோடு நெடுந்தொடர்புடையன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆவடி இராணுவத் தளமாயிற்று. 1961-இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது; 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. அம்பத்தூரை அடுத்த பாடியிற் சக்கரமும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் எழுந்தன. இவற்றைச் சூழச் சிறு பட்டறைகள் பல தோன்றின. நூலில் ஏறாத நுண்ணறிவு அப்பட்டறைகளில் மிகுதியும் உண்டு.

குடம் இறுகுதற்குக் காரணம் யாது? பழைய இலகு லாரிகள் சிலவற்றில் அச்சின் முனை கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். குடத்தின் துளையும் அவ்வாறே. நட்டை முடுக்குந்தோறும் குடம் கூம்பின்மேல் ஏறி இறுகும். இடையிலுள்ள கீ என்னும் சிறு துண்டு காவலாய் நிற்பதேயன்றி, எஞ்சின் விசையைச் சக்கரத்திற்குச் செலுத்தும் பாரத்தைப் பெரிதும் ஏற்பது அவ்விறுக்கமே. ஆகவே இறுகி நிற்றல் அதன் கடமையாம். நட்டை அவிழ்த்தவுடன் எளிதிற் கழலுங் குடமே ஐயுறத்தக்கது. அத்தகைய தளர்ச்சி கீயை அறுக்கும், அச்சையும் பிளக்கும். பெருஞ்சுமை லாரிகளிலோ அமைப்பு வேறு. ஆண்டுக் குடம் அச்சுக்குழாயின்மேல் இரு பேரிங்குகளிற் சுழலும். உள்ளச்சு சக்கரத்தைச் சுழற்றுவதேயன்றிச் சுமை தாங்குவதில்லை. உள்ளச்சின் போல்ட்டுகளை நீக்கி அதனை உருவிய பின்னரே குடத்தை நிறுத்தும் நட்டுகள் புலப்படும். இவ்வேறுபாட்டை அறியாது புல்லரைப் பூட்டுவோன் வீணே உழைப்பான்.

கூம்பச்சுக் குடத்தை எடுக்கும் முறை பொறுமையின் முறையாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, வண்டியை உறுதியான ஸ்டாண்டின்மேல் நிறுத்தல் வேண்டும். காட்டர் பின்னை நீக்கியபின் நட்டைச் சில சுற்றே தளர்த்தி அச்சிலேயே விடல் வேண்டும்; அது திருகுபுரியைக் காப்பதோடு, திடீரென விடுபடுங் குடம் பாய்ந்து ஆளைத் தாக்காமலும் தடுக்கும். பின்னர்ப் பிரேக் ஷூக்களை உள்வாங்கச் செய்து, சக்கரப் போல்ட்டுகளிற் புல்லரைப் பூட்டி முடுக்கி, ஊடுருவும் எண்ணெயிட்டு, ஓரிரவு விடுதல் நன்று. அன்றிரவு மனிதன் உறங்குவான், விசை உறங்காது. அதற்கும் இணங்காதாயின், எண்ணெயைத் துடைத்துக் குடத்தை மட்டும் சூடாக்கலாம். 40 மில்லிமீட்டர்த் துளையுடைய எஃகுக் குடம் 100 பாகை செல்சியஸ் வெம்மை மிகுங்கால் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் விரியும். அத்துணைச் சிறு விரிவே பெரும்பாலும் போதும். அச்சின் முனையைச் சம்மட்டியால் ஓங்கி அறைதல் தகாது. அவ்வதிர்ச்சி பேரிங்குகளையும் உள்ளிருக்கும் பற்சக்கரங்களையும் தாக்கும். பழைய பிரேக் லைனிங்கின் தூசியிற் கல்நார் இருத்தல் கூடுமாதலின், அதனைக் காற்றால் ஊதாது ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

"இத்துணைப் பாடு எதற்கு? உடைத்தெறிந்து வேறு பூட்டலாமே" என்பார்க்கு யாம் கூறுவது இது. அத்தகைய பழைய வண்டிகள் பலவற்றின் உறுப்புகள் இன்று செய்யப்படுவதில்லை, உடைந்தது உடைந்ததே. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித்திருத்தம், வணிகத்திற்குப் பயன்படாத 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர ஊர்திகளுக்குத் தனிப்பதிவு அளிக்கின்றது. மூல அமைப்பு மாறாதிருத்தலை அது வேண்டுகின்றது. "நாற்பதாண்டு சம்மட்டியாலேயே எடுத்தோம்" என்னும் முதியோர் சொல்லையும் யாம் இகழ்வதில்லை. ஆயினும் எடுத்த குடங்களை எண்ணுவோர், கெட்ட அச்சுகளையும் உடன் எண்ணுதல் நேர்மையன்றோ?

யாம் வேண்டுவது ஒன்றுண்டு. நம் மாணவர் விடுமுறை நாட்களிற் சிலவற்றை அம்பத்தூர்ப் பட்டறைகளிற் கழித்து, அங்குள்ள மேஸ்திரிமாரைப் பணிந்து கேட்டு, அவர்தம் முறைகளைப் படங்களுடன் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். பௌதிக வகுப்பிற் கற்கும் உராய்வும் வெப்ப விரிவும் அங்கே கைக்கு அகப்படும் பொருள்களாகும். மேஸ்திரியின் அறிவு அவரோடே மறையுமாயின், இழப்பு அவர் குடும்பத்தோடு நில்லாது, நாட்டையும் சாரும். எழுதுகோல் பிடித்த கை ஸ்பானர் பிடிக்க நாணுதல் கல்விக்கு அழகன்று. பொறியின் இயல்பை அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே விசை செலுத்துவோன், எத்தொழில் புகினும் விளங்குவான் என்பது ஒருதலை.