அடுத்த ஊரின் மணல்

கடலரிப்புச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே வரும் வாக்குறுதி தூண்டில் வளைவு. கடலுக்குள் நீளும் அந்தக் கற்சுவர் ஓர் ஊரைக் காப்பது உண்மை; அடுத்த ஊருக்குப் போகவேண்டிய மணலைப் பிடித்துவைத்துத்தான் காக்கிறது என்பது என் கட்சி. அலை பெரும்பாலும் கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்தே வருகிறது. ஏறும் நீர் மணலையும் சாய்வாக மேலே தள்ளும். வடியும்போது சரிவின் வழியே நேராக இறங்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் சற்றுப் பக்கவாட்டில் நகர்கிறது. அலை உடையும் இடத்தில் கரையோரமாக ஓடும் நீரோட்டமும் அதே திசையில் மணலை அள்ளிப்போகிறது. சென்னை, புதுச்சேரிக் கரைகளில் தென்மேற்குப் பருவக்காற்றின் நீண்ட மாதங்களில் மணல் வடக்கே போகிறது; வடகிழக்குப் பருவத்தின் சில மாதங்கள் மட்டும் தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மிச்சம் வடக்குக்கே.

இந்த வழியை மறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. துறைமுக வேலை 1876இல் தொடங்குமுன் கோட்டை மதிலுக்கு அருகிலேயே அலை அடித்தது. துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் தேங்கித் தேங்கித்தான் இன்றைய அகன்ற மெரினா உருவானது. (நாம் காற்று வாங்கும் மணலில் பெரும்பங்கு ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டியது.) வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டுக் கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. புதுச்சேரியிலும் இதே கதைதான்: 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன, நகரக் கடற்கரை மணலை இழந்தது. கல் போடுவதை வடக்கே நீட்ட நீட்ட, அரிப்பும் கோட்டக்குப்பம் வரை நகர்ந்தது.

கடல்மட்டம் உயர்வதுதானே காரணம் என்பார்கள். அது உயர்வது மெய். ஆனால் அதுவே முதற்காரணமென்றால் மெரினாவும் சுருங்கியிருக்க வேண்டும். அணைகளும் மணற்கொள்ளையும் ஆற்றுமணலைக் குறைத்துவிட்டன என்பதும் சரியே. வரத்துக் குறைந்த மணலை வழியில் மறிப்பது இன்னும் மோசம் என்றுதான் அதற்குப் பொருள். வீடு இடியும் குடும்பத்திடம் வடக்கூரின் நியாயம் பேச முடியுமா என்பது கடினமான கேள்வி. அவசரத்துக்குக் கல் போடத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நிலையான வழி, தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியே இதைச் செய்கிறார்கள். புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலும் இதற்கு இடமிருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. மணலை மறிப்பது துறைமுகம் என்றால், அதை வடக்கே சேர்க்கும் செலவும் ஆண்டுதோறும் துறைமுகத்தின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும்.