சுவற்றில் எழுதாதீர்!



‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்ற எச்சரிக்கை இல்லாத தெரு நம் ஊர்களில் அபூர்வம். வயிறு, ஆறு என ‘று’வில் முடியும் சொற்கள்தாம் வயிற்றில், ஆற்றில் என்றாகும். சுவர் அப்படி முடிவதில்லை. ‘சுவரில்’ என்பதே சரி. விளம்பரத்தைத் தடுக்க வந்தவர் பிழையைப் பூசிவிட்டுப் போகிறார்.

நகை விளம்பரங்களில் ‘முத்து கோர்த்த மாலை’ சர்வ சாதாரணம். முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்கே அது உறுத்துவதில்லை. கோத்த மாலைக்குள் அந்த ‘ர்’ எப்படிப் புகுந்ததோ!

தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாவது பழைய வழக்கம். அதில் குறை காண வேண்டியதில்லை. ஆனால், ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்து செய்தி வாசிப்பவர் ‘வாளைப்பழம் விலை உயர்வு’ என்றால் கடற்கரைக்காரர்கள் சிரிக்கமாட்டார்களா? வாளை என்பது மீன்.

போர்ச்சுகலிலிருந்து வந்து தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர் அண்டிரிக் அடிகளார். 1586இல் அவரது ‘அடியார் வரலாறு’ அச்சேறியது புன்னைக்காயலில்தான். அச்சுக்குப் பேர்போன இந்த ஊரிலாவது, பொது இடப் பலகைகளை எழுதும் முன் ஒரு தமிழாசிரியரின் பார்வைக்கு அனுப்ப ஊராட்சி ஏற்பாடு செய்யலாம்.

– வாசகர், புன்னைக்காயல்