மீன் வாடையும் நம் கைக்குட்டையும்

கடற்கரை அழகானது என்று எழுதக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. விடுமுறைக் காலந்தோறும் இதழ்களில் வெளியாகும் 'குழந்தையோடு மெரினா' வகைக் கட்டுரைகளை வாசித்து வாசித்து நாங்கள் இம்முடிவுக்கு வந்து வெகுநாளாயிற்று. அவற்றுள் ஒன்றில் மாலைக் கதிரவன் மெரினாக் கடலுக்குள் மூழ்கி மறைந்தது! கிழக்குக் கரையில் கதிரவன் மறைவது பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குப் பின்னால் என்பதை எழுதியவரும் கவனிக்கவில்லை, வெளியிட்டவரும் கவனிக்கவில்லை. (நெய்தலுக்குரிய எற்பாடு மாலைப் பொழுதா, காலைப் பொழுதா என்று நம்மவர் வாதிட்டு வருவது வேறு கதை.)

இதனைப் பகடியாகச் சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தின் இடைவேளையில், சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற நண்பர் ஒருவர், "கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே அந்தப் படகுகளையும் மீன் அங்காடியையும் வேறெங்காவது கொண்டுபோய் வைத்துவிட்டால், குழந்தை குட்டியோடு நிம்மதியாக நடக்கலாம் சார்" என்றார். தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த நால்வரும் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்புக்கே இந்தப் பதில்.

நாங்கள் இருவரும் தமிழ் கற்பிப்பவர்கள். கடலிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் உள்நாட்டு ஊரில் வாழ்பவர்கள். 2025 பொங்கல் விடுமுறையில் ஆறு வயது மகளுக்குக் கடலைக் காட்டுவதற்காகச் சென்னை சென்றோம். முதல் நாள் எல்லோரும் செய்வதையே செய்தோம். சுண்டல், பட்டம், குதிரை, அலைக்கு முன்னால் ஓட்டம், அலைக்குப் பின்னால் ஓட்டம். உழைப்பாளர் சிலையின் முன் நிற்க வைத்துப் படமெடுத்தோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் திறக்கப்பட்ட அச்சிலையில் நால்வர் ஒரு பாறையைப் பெயர்த்துக்கொண்டிருக்கின்றனர். "இவங்க எப்பப்பா வேலைய முடிப்பாங்க?" என்று மகள் கேட்டாள். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்க வேண்டியதில்லை என்று மறுநாள் தோன்றியது.

இரவு விடுதி அறையில் அவள் கேட்டது வேறொன்று: "இவ்ளோ மணலும் யாருப்பா கொண்டாந்து கொட்டினாங்க?" குழந்தையின் அறியாமை என்று நாம் நினைக்கக்கூடும். உண்மையில் மெரினாவைப் பற்றிக் கேட்கத்தக்க முதற்கேள்வி அதுதான். இந்த அகன்ற மணல்வெளி ஆதியிலிருந்து இருந்ததன்று. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு அலைகள் இன்றைய சாலைக்கு வெகு அருகில் வந்து அடித்தன. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அத்திசையில் ஓடும் நீரோட்டத்தை இங்குள்ள மீனவர் தெண்டி என்பர். 1870-களில் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட துறைமுகத்தின் சுவர்கள் அம்மணலை வழிமறித்தன. தெற்கே மணல் தேங்கியது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து, மெரினா என்று பெயரும் சூட்டினார். வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிச் செல்லும் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் நிலத்தைத் தின்றது, குப்பங்களைத் தின்றது. இன்று அங்கே கரை என்பது பெரும்பாலும் கொட்டிவைத்த கருங்கல். நம் குழந்தைகள் மெரினாவில் கட்டும் மணல் வீடு, வடசென்னைக்குச் சேரவேண்டிய மணலில் கட்டப்படுவது. இயற்கை எழில் என்று நாம் உருகி எழுதுவதில் ஒரு பாதி துறைமுகப் பொறியியலின் விளைவு என்றால், நம் உருக்கத்துக்கு என்ன பொருள்?

மறுநாள் விடியலில் நொச்சிக்குப்பம் சென்றோம். ஃபைபர் படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. ஒருவர் வலையை உதறி நண்டுகளைப் பிரித்தெடுக்க, இன்னொருவர் கிழிந்த கண்ணிகளைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மகள் அவர் எதிரே குந்தி அமர்ந்துவிட்டாள். அரைமணி நேரம் அசையவில்லை. முந்தைய நாள் குதிரைச் சவாரியின்போதுகூட அவ்வளவு நேரம் அவள் ஓரிடத்தில் நின்றதில்லை. பிறகு மீன் விற்கும் அம்மாள் ஒருவர், "வா கண்ணு, தொட்டுப் பாரு, கடிக்காது" என்று ஒரு சங்கராவின் செவுளைத் திறந்து காட்டினார். சிவந்திருந்தால் புதுமீன், வெளுத்திருந்தால் பழையது. வஞ்சிரம், வவ்வால், நெத்திலி, திருக்கை என்று பெயர்களை அவர் சொல்லச் சொல்ல, அவள் வாய்ப்பாடு போல ஒப்பித்தாள். "ஆயா, உங்களுக்கு எத்தனை மீன் பேரு தெரியும்?" என்றதற்கு அந்த அம்மாள், "எண்ணிப் பார்த்ததில்ல கண்ணு" என்றார்.

அப்போது எம்மைப் போலவே விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கடந்தது. "இந்த நாத்தத்துல குழந்தைய உட்கார வச்சிருக்காங்க பாரு" என்பது எங்கள் காதில் விழவேண்டும் என்றே சொல்லப்பட்டது. அக்குடும்பத்தின்மேல் எமக்குச் சினமில்லை. அவர்கள் நற்றிணை கற்றவர்கள் அல்லர். கற்றவர்களாகிய நம்மைப் பற்றியே இக்கட்டுரை.

நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாடலை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டும் பரதவர் வீட்டுப் பெண்ணை நாடித் தேரூர்ந்து வருகிறான் ஒரு செல்வர் மகன். எம்மேல் மீன் வாடை வீசுகிறது, விலகி நில் என்கிறாள் தோழி. எம் எளிய வாழ்வு உம் வாழ்வோடு ஒப்பாகாது. ஆயினும் பெருமையுடையோர் எம்மிடையேயும் உளர் என்கிறாள். தன் வாடையைத் தானே எடுத்துச் சொல்லித் தேரை நிறுத்தும் அந்நிமிர்வைப் பற்றி நாம் பத்து மதிப்பெண் வினா கேட்கிறோம். அந்தத் தோழியின் கரையில் நின்று, அவளை வேறெங்காவது கொண்டுபோய் வைத்துவிட்டால் நிம்மதியாக நடக்கலாம் என்றும் சொல்கிறோம். ஐங்குறுநூற்றின் நெய்தல் நூறு அம்மூவனார்க்கு எங்கிருந்து கிடைத்தது? கைக்குட்டைக்குள் இருந்தா?

வேறெங்காவது என்பது புதிய யோசனையுமன்று. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது எழுந்த மோதலில் காவல்துறை சுட்டது, மீனவர்கள் உயிரிழந்தனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பாதுகாப்பு என்ற பெயரில் மீனவக் குடும்பங்கள் கடல் கண்ணுக்கே தெரியாத செம்மஞ்சேரிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. வலையையும் படகையும் கரையில் விட்டுவிட்டு ஒருவன் பேருந்தேறிப் போய் உறங்கிவிட்டு, அலையும் காற்றும் பார்த்து நள்ளிரவில் திரும்பி வருவது எங்ஙனம் என்று எவரும் கேட்கவில்லை. 2023 ஏப்ரலில் லூப் சாலையின் மீன் கடைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டபோது, மீனவர்கள் படகுகளைச் சாலைக்கே கொண்டுவந்து மறித்தனர். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் அங்காடிக் கட்டடம் திறக்கப்பட்டது. போராடியிராவிட்டால் அதுவும் கிடைத்திராது. குப்பத்தின் முற்றத்தில் சாலையைப் போட்டுவிட்டு, முற்றத்தில் அமர்ந்திருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்பதற்கு என்ன அணி இலக்கணப் பெயர் கொடுப்பது?

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001 திசம்பரில் மெரினாவிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டபோது தமிழுலகம் கொதித்தது. கூட்டம் போட்டோம், கட்டுரை எழுதினோம், கையெழுத்து வாங்கினோம். 2006-இல் சிலை திரும்பி வந்தது. நல்லது. அதே ஆண்டுகளில் நகரத்தின் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகருக்குத் தெற்கே ஓரிடத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. அவ்விடத்தின் பெயர் கண்ணகி நகர். கற்கண்ணகிக்காகக் கூடிய நம்மில் எத்தனை பேர் அந்நகருக்கு ஒருமுறையேனும் சென்றோம்?

மீனவர் அனைவரையும் புனிதராக்குவது எம் நோக்கமன்று. அன்று காலை சற்றுத் தள்ளி ஓர் ஆமை இறந்து ஒதுங்கிக் கிடந்தது. அந்தச் சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தியை வாசகர்கள் அறிவர். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவை மடியில் சிக்கினால் வர இயலாது, மூழ்கிச் சாகும். மகள் அழுதாள். யார் கொன்றது என்றாள். இழுவை மடி என்றால் என்ன, பெரிய விசைப்படகு எது, சிறிய படகு எது, சிறிய படகுக்காரரே விசைப்படகுகளோடு ஆண்டுக்கணக்கில் ஏன் சண்டையிட்டு வருகிறார் என்பதையெல்லாம் எமக்குத் தெரிந்த அளவில் சொன்னோம். ஆறு வயதுக்கு அது அதிகம் என்பார் உண்டு. ஆனால் 'பாவம், செத்துப்போச்சு' என்று கையைப் பிடித்து இழுத்துச் சென்றிருந்தால், அவளிடம் இன்னொரு பொய்யைச் சொல்லியிருப்போம்.

நண்பரின் நெரிசல் வாதத்துக்கும் சுகாதார வாதத்துக்கும் விடை எளிது. மீன் கழிவுக்கு வடிகால் கேளுங்கள், குளிரூட்டும் வசதி கேளுங்கள், குடிநீர் கேளுங்கள். கேட்கும்போது அந்த அம்மாளோடு சேர்ந்து நின்று கேளுங்கள். ஞாயிறு மாலை மெரினா மணலில் நாம் விட்டுவரும் நெகிழிக் குப்பையைப் பார்த்தபின் சுகாதாரம் பற்றிப் பேசுங்கள். நெரிசல் என்றால் அங்கே நிற்பது நம் வண்டிகள்தாம்.

ஊர் திரும்பியதும் பள்ளியில் 'நான் பார்த்த கடற்கரை' என்று வரையச் சொல்லியிருக்கின்றனர். மகள் ஒரு கால் பெருவிரலையும் அதில் மாட்டிய வலையையும் வரைந்தாள். பக்கத்தில் ஒரு சங்கரா, செவுள் மட்டும் சிவப்பு. தென்னை மரமும் சூரியனும் எங்கே என்று ஆசிரியை கேட்டாராம். நாங்கள் தலையிடவில்லை. ஓவியத்தில் தென்னை மரம் ஏறவில்லை.

அவளுடைய மணல் கேள்வி முடிவுறவில்லை. கோடை விடுமுறையில் இராயபுரத்துக்கு வடக்கே, மணல் போய்க் கல் வந்த கரைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறோம். நண்பர் வருவதாயின் அவருடைய பிள்ளைகளையும் அழைத்து வரலாம்.